தாத்தாவின் வரிசை

லேமினேட் இயந்திரம் சூடாவதற்குள் மூன்று பேர் அதை அணைக்கச் சொல்லிவிட்டார்கள். முதலில் பக்கத்து வீட்டுக்காரி, ஜாடையாக. பிறகு சின்ன மாமனார், கூடத்தில் உட்கார்ந்தபடியே தொண்டையைச் செருமி. மூன்றாவதாக நாத்தனார் நேராகச் சமையலறைக்கே வந்து பிளக்கில் கையை வைத்தாள்.

"உள்ள அப்பா கெடக்குறாரு. நீ இங்க உக்காந்து படம் வெட்டி ஒட்டிக்கிட்டு இருக்க. வர்றவங்க என்ன நெனைப்பாங்க?"

"அண்ணி, கையை எடுங்க. இப்பத்தான் சூடாயிருக்கு."

மருமகள் குரலை உயர்த்தவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை. முதல் தடவை ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு விறைத்துப்போகிற ஆட்களின் பக்கத்தில் உட்கார்ந்து, 'காலை எடுங்க, மெதுவா' என்று சொல்லிச் சொல்லிப் பழகிய குரல் அது. நாத்தனார் கையை எடுத்துவிட்டாள். எடுத்த பிறகுதான் ஏன் எடுத்தோம் என்று அவளுக்கே கோபம் வந்தது போலிருந்தது.

மாமனார் விடிகிற நேரத்தில் போய்விட்டிருந்தார். பக்கத்திலேயே படுத்திருந்த அவள் கணவன் எழுந்து வந்து, "அப்பா மூச்சு விடலை" என்றான். சொல்லிவிட்டு ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து, உள்ளே பார்த்துக்கொண்டே நின்றான். அவள்தான் போய்ப் பார்த்தாள். டாக்டரைக் கூப்பிட்டாள். நாத்தனாருக்கும் சின்ன மாமனாருக்கும் போன் போட்டாள். அழுகை வரத்தான் செய்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்துவிட்டுக் கத்தரிக்கோலைத் தேடினாள். மகள் பட்டாணி எழுந்திருப்பதற்குள் படவரிசை தயாராக வேண்டும்.

பட்டாணி என்று பேர் வைத்ததே மாமனார்தான். பிறந்தபோது அவ்வளவுதான் இருந்தாளாம். இப்போது ஒன்பது வயது. ஆட்டிசம். சொந்தமாகப் பேசுவது குறைவு. மற்றவர்கள் எப்போதோ சொன்னதை எடுத்து வைத்திருந்து, தனக்கு வேண்டிய இடத்தில் திருப்பிச் சொல்வாள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துவிட்டால் அவளைப் போலச் சமர்த்து கிடையாது. தெரியாவிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். அதனால் கூடத்துக்குப் போகும் நடையில், அவள் கண்மட்டத்தில் ஒரு பலகை. அதில் பல் தேய்க்கிற படம், சாப்பிடுகிற படம், பள்ளி வேன் என்று காலையிலிருந்து ராத்திரி வரை வரிசையாக ஒட்டியிருக்கும். ஒரு காரியம் முடிந்ததும் அந்த அட்டையைப் பிய்த்துக் கீழே தொங்கும் துணிப்பையில் போடுவாள். வீட்டில் அதற்கு 'முடிஞ்ச பை' என்று பேர்.

ஆரம்பத்தில் மாமனாருக்கு இது பிடிக்கவேயில்லை. "வீடா, பஸ் ஸ்டாண்டா இது? எது எப்பக் கெளம்பும்னு செவுத்துல ஒட்டி வச்சிருக்கா" என்று தன் சலூனுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கத்தரிக்கோல் நின்றாலும் வாய் நிற்காத மனிதர். ஊரில் முக்கால்வாசித் தலைகள் அவர் கைக்குள் வந்து போயிருந்தன. சொந்தப் பேத்தி தலையில் மட்டும் கை வைக்க முடியவில்லை. துணியைப் போர்த்தினாலே அலறுவாள். தூங்கும்போது ஒரு பக்கம் வெட்டுவார், மறுநாள் இன்னொரு பக்கம். "என் பேத்தி தலையைப் பார்த்தா எவன் என் கடைக்கு வருவான்?" என்று நொந்துகொள்வார்.

பட்டாணியின் அம்மா ஒரு நாள் சலூனுக்குப் போய்ப் படம் எடுத்து வந்தாள். நாற்காலி, துணி, சீப்பு, கத்தரிக்கோல், கண்ணாடி, கடைசியில் மிட்டாய். பல வாரம் பார்த்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டாணி தானாகப் போய் அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். மாமனார் அன்றைக்கு வந்த ஒவ்வொருத்தரிடமும் அந்தக் கதையைச் சொன்னார். சொல்லச் சொல்ல அது அவருடைய யோசனையாக மாறிப்போனதை அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சிரித்துக்கொண்டாள்.

அப்புறம் பக்கவாதம் வந்து, வலது கையோடு பேச்சும் போனது. எல்லாச் சொல்லும் போய் ஒன்றே ஒன்று மிஞ்சியது: "அடுத்து!" சலூனில் ஒரு தலை முடிந்ததும் அவர் போடும் சத்தம். தண்ணீர் வேண்டுமென்றாலும் 'அடுத்து', தலையணை சரியில்லை என்றாலும் 'அடுத்து'. தன் வாயிலிருந்து அது வருவதைக் கேட்டு அவரே கண்கலங்குவார். அவள் அவருக்கும் படம் செய்து கொடுத்தாள். முதல் இரண்டு தடவை வீசி எறிந்தார். மூன்றாவது தடவை, 'வேண்டாம்' என்ற சிவப்பு அட்டையை இடது கையால் எடுத்து அவள் வைத்த சூப் கிண்ணத்தின் மேலேயே வைத்து மூடினார். "ரொம்பச் சந்தோஷம் மாமா" என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாளே பட்டாணியின் பலகைக்குக் கீழே, சுவரிலேயே ஒரு நாடாவை ஒட்டி, தாத்தாவுக்கென்று தனி வரிசை வந்துவிட்டது. பல், ஷேவிங், டீ, வெயிலில் உட்காருவது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பட்டாணி தானாக எடுத்துக்கொண்டாள். தாத்தாவின் ஷேவிங் அட்டை பைக்குள் போகாமல் அவள் பள்ளி வேனில் ஏறியதில்லை.

இயந்திரத்தின் வாயிலிருந்து முதல் அட்டை வழவழவென்று வெளியே வந்தது. நாத்தனார் குனிந்து பார்த்தாள். பச்சைக் கம்பிக் கேட்டு. மேலே எழுத்துகள்.

"இது… மயானம்தானே?"

"ஆமா."

"எப்ப எடுத்த?"

"டாக்டர் இனி ரொம்ப நாள் இல்லைன்னு சொன்னாருல்ல, அப்ப."

நாத்தனார் நிமிர்ந்தாள். "அவரு உசுரோட இருக்கறப்பவே போய் மயானத்தப் படம் பிடிச்சுட்டு வந்தியா? மனசு எப்படி வந்துச்சு உனக்கு?"

கூடத்தில் பேச்சு நின்றுபோனது. சின்ன மாமனார் வாசற்படியில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் அவள் கணவன்.

"அண்ணி, திருட்டுத்தனமா எடுக்கலை. மாமாவும் கூடத்தான் வந்தாரு. என் வண்டியில முன்சீட்டுல உக்காந்திருந்தாரு. 'மாமா, நாளைக்குப் பட்டாணி இங்க வரணும், பயப்படக் கூடாதுல்ல, ஒரு படம் எடுத்துக்கட்டுமா'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"என்ன சொல்லுவாரு? அந்தக் கேட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாரு. 'அடுத்து'ன்னாரு."

சின்ன மாமனாரின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துத்தான் அவள் நாற்காலியை நகர்த்திப் போட்டாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். "அண்ணன் சொல்லியிருப்பான்… சொல்லியிருப்பான் அவன்" என்றவர், அப்படியே அழவும் ஆரம்பித்தார்.

நாத்தனார் சிரிக்கவில்லை. எதிரில் உட்கார்ந்து, மேசையில் கிடந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வீடு நிறைய ஆட்கள். கறுப்பு வண்டி. பச்சைக் கேட்டு. திரும்ப வீடு. குளியல்.

"புள்ளைய என் சிநேகிதி வீட்ல கொண்டுபோய் விட்டுடலாம். சாயந்திரம் கூட்டிட்டு வந்தாப் போதும். நான் வந்தாலே கத்துறவ, இத்தனை பேரைப் பார்த்தா என்ன ஆவா?"

"நீங்க சொல்லாம வர்றீங்க, கத்துறா. சொல்லிட்டு வந்தா கத்த மாட்டா. சாயந்திரம் கூட்டிட்டு வந்தா, காலையில இருந்த தாத்தா எங்கன்னு தேடுவா. அப்ப நீங்க உங்க வீட்டுக்குப் போயிருப்பீங்க. நான்தான் இருப்பேன்."

"சரி, எல்லாத்துக்கும் படம் வச்சிருக்க. செத்துப்போனதுக்கு என்ன படம் வைப்ப?"

குத்தலாகத்தான் கேட்டாள். ஆனால் அது ஒன்றுக்குத்தான் அவளிடம் பதில் இல்லை. முடிஞ்ச பையில் போட்டால் ஆகாது. பைக்குள் போன அட்டைகளையெல்லாம் ராத்திரி எடுத்து மறுபடி ஒட்டுகிறவள் அவளேதான். முடிந்தது நாளைக்குத் திரும்ப வரும் என்பது பட்டாணிக்கு மனப்பாடம். நீச்சல் குளம் மூடியிருக்கும் நாளில் படத்தின் மேல் சிவப்புக் கோடு போடுவாள். அதுவும் ஆகாது. குளத்தை மறுவாரம் திறந்துவிடுவார்கள். மாமனார் ஒன்றும் மூடிக் கிடக்கும் குளமில்லை.

"தெரியலை அண்ணி. வாயால சொல்லிப் பார்க்கறேன்" என்றாள்.

பட்டாணி எழுந்தபோது நடையில் யாரும் இல்லாதபடி அம்மா பார்த்துக்கொண்டாள். பலகைக்கு முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து, புது அட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். பட்டாணியும் தொட்டாள். 

"பட்டாணி, தாத்தா செத்துட்டாரு. அவரு உடம்பு வேலை செய்யலை. மூச்சு இல்ல, பேச்சு இல்ல, கண்ணு திறக்காது. இன்னிக்கு வீட்ல நிறையப் பேரு. அழுவாங்க. அப்புறம் கறுப்பு வண்டி. தாத்தா அதுல போவாரு. நாம நம்ம வண்டியில போவோம். இந்தக் கேட்டு. அப்புறம் வீடு. குளியல்."

பட்டாணி 'நிறையப் பேர்' படத்தை உற்றுப் பார்த்தாள். போன வருடக் கல்யாணம் ஒன்றில் எடுத்தது, எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வேறு படம் கிடைக்கவில்லை. பிறகு அவள் கண் கீழே, தாத்தாவின் வரிசைக்குப் போனது. அதில் எல்லா அட்டைகளும் அப்படியே இருந்தன. முந்தைய ராத்திரி வழக்கம்போல ஒட்டி வைத்தவை.

பல் அட்டையைத் தொட்டாள். ஷேவிங் அட்டையைத் தொட்டாள். அதைப் பிய்த்து எடுத்துக்கொண்டு நேராகத் தாத்தாவின் அறைக்கு நடந்தாள்.

உள்ளே சொந்தக்காரர்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். பட்டாணி யாரையும் பார்க்கவில்லை. கட்டிலருகே போய்த் தாத்தாவின் தாடையில் கையை வைத்துப் பார்த்தாள். முள் முள்ளாக வெள்ளை முடி. அட்டையை அப்பாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

அவன், பின்னாலேயே வந்திருந்த மனைவியைப் பார்த்தான்.

"இப்ப வேணாம்டா செல்லம்" என்று சின்ன மாமனார் மெதுவாகச் சொன்னார். "இனிமே எதுக்கு?"

பட்டாணி அட்டையை இறக்கவில்லை. அவள் கை நடுங்க ஆரம்பித்தது. அந்த நடுக்கம் எங்கே போய் முடியும் என்று அம்மாவுக்குத் தெரியும். அவள் வாயைத் திறப்பதற்குள் நாத்தனாரின் குரல் வந்தது.

"அவ சொல்றதும் சரிதான். முப்பது நாப்பது வருஷமா ஊருக்கே ஷேவிங் பண்ணிவிட்ட மனுஷன். இந்தத் தாடியோடயா போவாரு?" சொல்லிக்கொண்டே கட்டிலின் தலைமாட்டுக்குப் போனாள். "தம்பி, தண்ணி கொண்டா."

வெந்நீர் வந்தது. சோப்பு, பிரஷ், ரேசர். கடந்த ஒரு வருடமாகத் தினமும் வேலைக்குக் கிளம்புமுன் அவன் செய்கிற காரியம்தான். கோணல்மாணலாக இழுத்தால் அப்பாவின் இடது கை எழுந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பும். கன்னத்தை வழிக்கும்போது நாக்கால் உள்ளிருந்து தள்ளிக் கொடுப்பார். இன்றைக்குத் தள்ளிக் கொடுக்க ஆளில்லை. இரண்டு விரலால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு மெல்ல வழித்தான். அக்கா பக்கத்தில் நின்று தலையைத் தாங்கிக்கொண்டாள். அவள் கை ஆடியதில் தலையும் லேசாக ஆடியது.

"தலைய ஆட்டாதீங்க சார்," என்றாள் பட்டாணி.

அச்சு அசல் அவர் குரல். அந்த இழுப்பு, அந்தப் பொய்க் கோபம், 'சார்' என்பதில் வரும் அந்தக் குழைவு. அறையில் இருந்த பலர் அவரிடம் தலையைக் கொடுத்தவர்கள். யாரோ களுக்கென்று சிரித்தார். நாத்தனார் தலையை விடாமல், முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். காலையிலிருந்து அதுவரை அவள் அழுதிருக்கவில்லை.

துண்டால் துடைத்ததும் மாமனாரின் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. பட்டாணி மறுபடி தாடையைத் தடவிப் பார்த்தாள். திருப்தி. நடைக்குப் போய் ஷேவிங் அட்டையை முடிஞ்ச பையில் போட்டாள். வரிசையில் அடுத்தது டீ. அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அடுத்து?"

இதற்குத்தான் அம்மா காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தாள்.

"தாத்தாவுக்கு டீ இல்ல கண்ணு. தாத்தா செத்துட்டாரு. குடிக்க முடியாது."

"டீ."

"நாளைக்கும் முடியாது. அதுக்கு அடுத்த நாளும் முடியாது. இனிமே தாத்தாவுக்கு வரிசை இல்ல."

பட்டாணி டீ அட்டையைப் பிய்த்தாள், ஒட்டினாள், பிய்த்தாள், ஒட்டினாள். பிறகு தரையில் விழுந்தாள். கையால் காதில் அடித்துக்கொண்டே அவள் போட்ட சத்தத்தில் வாசலில் நின்றவர்கள்கூட உள்ளே எட்டிப் பார்த்தார்கள். "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒரு குரல் கேட்டது. அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. நடையின் இரண்டு பக்கக் கதவையும் சாத்தினாள். பட்டாணியின் தலைக்கும் தரைக்கும் நடுவில் ஒரு தலையணையைத் தள்ளினாள். பேசாமல், தொடாமல், பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். இதுவும் அவளுக்குத் தெரிந்த சாலைதான். எங்கே வளையும், எங்கே இறங்கும் என்று தெரியும். இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக இருந்தது, அவ்வளவுதான். தள்ளிவைத்திருந்த அழுகையை அங்கேயே அழுது முடித்தாள். மகளின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

சத்தம் விக்கலாகி, விக்கல் மூச்சானது. பட்டாணி எழுந்து உட்கார்ந்தாள். அம்மா சுவரில் தாத்தாவின் நாடாவுடைய ஒரு முனையை நகத்தால் நெம்பினாள். பட்டாணி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிட்ட வந்து தூக்கிய முனையைப் பிடித்தாள். இருவருமாக இழுத்தார்கள். நாடா அட்டைகளோடு மொத்தமாக உரிந்து வந்தது. கூடவே பெயின்ட்டும் கொஞ்சம். சுவரில் வெள்ளையாக ஒரு நீளக் கோடு தெரிந்தது.

பட்டாணி அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிக்கொண்டு போனாள். முடிந்த இடத்தில் விரல் நின்றது. தன் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக் கறுப்பு வண்டிப் படத்தின் மேல் வைத்தாள்.

மற்றதெல்லாம் பலகையில் இருந்தபடியே நடந்தது. கறுப்பு வண்டி வந்தது. பச்சைக் கேட்டு வந்தது. பட்டாணி இறங்கியதும் கையில் இருந்த அட்டையையும் கேட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரிதான் என்பதுபோல உள்ளே நடந்தாள். ஆட்கள் அழுதபோது காதைப் பொத்திக்கொண்டாள். சின்ன மாமனார் தன் கைக்குட்டையைக் கொடுத்தார்; அதை அவள் மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூடக் கத்தவில்லை.

வெளியே வரும்போது நாத்தனார் பட்டாணியின் அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நடந்தாள்.

"எனக்கு இன்னும் சரின்னு படலை. அந்தக் கேட்டை முன்னாடியே படம் எடுத்தது."

"சரி அண்ணி."

"ஆனா அவரு மொகத்தை நான் தொட்டிருக்க மாட்டேன். பயந்துக்கிட்டே நின்னுருப்பேன்." வண்டிக் கதவைத் திறந்துவிட்டாள். "ஞாயித்துக்கெழமை வர்றேன். மொத நாளே போன் பண்ணிச் சொல்லிடறேன்."

பயிற்சி வண்டியில்தான் திரும்பினார்கள். "நான் ஓட்டுறேன்" என்று அவன் சாவியை வாங்கிக்கொண்டான். காலையிலிருந்து அவன் பேசிய வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவள் தன் வழக்கமான இருக்கையில், கற்றுக்கொடுப்பவருக்கான இரண்டாவது பிரேக் இருக்கும் பக்கம் உட்கார்ந்தாள். பட்டாணி பின்னால்.

நாற்சந்தியில் சிவப்பு விழுந்தது. நின்றான். பச்சை விழுந்தது. வண்டி நகரவில்லை.

"பச்சை," என்றாள் பட்டாணி.

அவன் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் விரல்களின் ஓரத்தில் சோப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. வண்டிக் கூரையில் இருந்த பயிற்சிப் பள்ளிப் பலகையைப் பார்த்து, ஓட்டப் பழகும் புது ஆள் என்று நினைத்தார்களோ என்னவோ, பின்னால் இருந்தவர்கள் முதலில் பொறுத்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர் ஹாரன் அடித்தார். அதைத் தொடர்ந்து இன்னும் சிலர். இப்படி நின்றுவிடுகிற ஆட்களிடம் சொல்வதற்கென்று அவளிடம் வார்த்தைகள் உண்டு. எதையும் சொல்லவில்லை. காலைப் பெடலிலிருந்து எடுத்துக்கொண்டாள். கையை நீட்டி, நான்கு பக்க விளக்கும் மினுக்கும் பொத்தானை அழுத்தினாள். டிக், டிக் என்று சத்தம் வர, பட்டாணி அதற்குச் சரியாக முன்சீட்டின் முதுகில் விரலால் தட்டினாள்.

வண்டிகள் ஒதுங்கிச் சுற்றிப் போக ஆரம்பித்தன. வயதான ஒரு ஸ்கூட்டர்க்காரர் மட்டும் வேகத்தைக் குறைத்து, ஜன்னலருகே குனிந்தார்.

"பதட்டப்படாதீங்க சார். எல்லாருக்கும் மொதல்ல இப்படித்தான் இருக்கும். போகப் போகச் சரியாயிடும்."

அவன் அவரைப் பார்த்தான். "சரிங்க" என்றான்.